கீழடிக்குச் செல்லும் பள்ளிப் பேருந்து

மதுரை மாநகரிலிருந்து இராமேசுவரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், சிலைமானைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றதும் தென்னந்தோப்புகள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றை அடைவர். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோ மீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம் வட்டத்தில் அமைந்த அவ்வூரின் பெயர் கீழடி. விண்ணை முட்டும் கோபுரமோ, அகழி சூழ்ந்த கோட்டையோ, மன்னர் வாழ்ந்த மாளிகையோ அங்கில்லை. வயலும் தோப்பும் வாய்க்காலும் உடைய எளிய ஊர் அது. ஆயினும் பள்ளி நாள்களில் அச்சாலையில் நின்று பார்ப்போமாயின், மஞ்சள் நிறப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புவதைக் காணலாம். சாளரங்களில் சிறுவர் முகங்கள். உள்ளே பாட்டும் கைதட்டலும். முன்னிருக்கையில் எண்ணிக்கைப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் ஆசிரியை.

அவர்கள் வருவது 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தைக் காண்பதற்கே. செட்டிநாட்டு வீடுகளின் பாணியில், முற்றமும் தூண்களும் ஓட்டுக் கூரையுமாகத் தமிழ்நாடு அரசு எழுப்பியுள்ள அக்கட்டடம், காண்போர் கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்தளிப்பது. அது குறித்து ஐயமில்லை. ஆனால் அங்கிருந்து நம் பிள்ளைகள் எதை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர் என்பதே பெற்றோரும் ஆசிரியரும் சிந்திக்க வேண்டிய வினா.

பள்ளிச் சுற்றுலா என்றால் நமக்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. விடியுமுன் புறப்பாடு, ஒரே நாளில் ஓர் அணை, ஒரு மலை, ஒரு பூங்கா, இடையில் ஓர் அருங்காட்சியகம். ‘வரிசையாக வா, தொடாதே, ஓடாதே, பேசாதே’ என்னும் நான்கு கட்டளைகளோடு நுழைந்த பிள்ளைகள், அரைமணி நேரத்தில் மறுவாயில் வழியே வெளியேறுவர். வாயிலில் நிழற்படம் ஒன்று எடுக்கப்படும். மறுநாள் ‘என்ன பார்த்தாய்?’ என்று கேட்டால், ‘பானை பார்த்தோம்’ என்று விடை வரும். பானை பார்ப்பதற்குப் பேருந்து ஏறிச் செல்வானேன்? அடுக்களையிலேயே பார்க்கலாமே!

வகுப்பறையில் தொடங்கிய வரலாறு

கீழடிக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி, கண்ணாடிப் பேழைகளுக்குள் இல்லை. அந்த அருங்காட்சியகம் எவ்வாறு தோன்றிற்று என்னும் கதையே அது.

1970களில் அவ்வூர்ப் பள்ளியில் வரலாறு கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். பாடநூலில் உள்ளதை ஒப்பித்துவிட்டு மணியடித்ததும் எழுந்து செல்பவரல்லர் அவர். பழம்பொருள்கள் என்றால் எவை, அவை எங்கே கிடைக்கும், ஏன் போற்றத்தக்கவை என்றெல்லாம் மாணவருக்கு எடுத்துரைத்தார். அவ்வூர் நிலங்களைத் தோண்டுகையில் கிடைத்த பழம்பொருள்களைப் பற்றி மாணவர் வாயிலாக அறிந்தபோது, அவர் ‘குப்பை’ என்று ஒதுக்கவில்லை. தாமே சென்று பார்த்தார், கிடைத்தவற்றைத் திரட்டினார், தொல்லியல் துறையினருக்குத் தெரிவித்தார். அன்று அது பெருஞ்செய்தியாகவில்லை. ஆண்டுகள் பல உருண்டோடின. மாணவர் வளர்ந்து பெரியவராயினர். ஆசிரியரும் பணி ஓய்வு பெற்றார்.

பின்னர் 2013–14இல் இந்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் போக்கைப் பின்பற்றி மேற்கொண்ட கள ஆய்வில் 293 இடங்களில் பண்டை வாழ்வின் தடயங்களைக் கண்டனர். அவற்றுள் அகழாய்வுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது கீழடியில் உள்ள பள்ளிச்சந்தைத் திடல். ஏறத்தாழ 110 ஏக்கர் பரப்புள்ள அம்மேடு, தென்னந்தோப்பாக இருந்ததனால் பெரிதும் சிதைவுறாமல் தப்பியிருந்தது. 2014–15இல் தொடங்கிய அகழாய்வின் முதல் மூன்று கட்டங்களை இந்தியத் தொல்லியல் துறை நடத்தியது. 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அப்பணியை ஏற்றுத் தொடர்ந்தது. 2024இல் பத்தாம் கட்டம் தொடங்கப்பெற்றது.

எண்ணிப் பாருங்கள். அறிஞர் வருவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் முன்னரே அம்மண்ணின் அருமையைக் கண்டவர்கள் சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்கள் சொல்லுக்குச் செவிசாய்த்த ஓர் ஆசிரியருமே. ஆகவே, கீழடிக்குச் செல்லும் பள்ளிப் பேருந்து ஏதோ அயலார் வீட்டுக்கு விருந்தாகச் செல்வதன்று. மாணவர் கண்ட ஒன்றை மாணவரே காணச் செல்கின்றனர். இவ்வுண்மையைப் பேருந்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், அவர்கள் உள்ளே நுழையும் நடையே மாறிவிடும்.

சில்லு சொன்ன செய்தி

உள்ளே வேளாண்மை, நீர் மேலாண்மை, மட்பாண்டத் தொழில், நெசவு, இரும்புத் தொழில், அணிகலன், கடல் வணிகம், அன்றாட வாழ்வு எனப் பொருள்வாரியாகக் காட்சிகள் அமைக்கப்பட்டுள்ளன. கறுப்பும் சிவப்புமாக இரு நிறம் காட்டும் பானைகள், சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகள், நூல் நூற்கும் தக்களிகள், எலும்பில் செய்த கூர்முனைக் கருவிகள், பொன் அணிகலன்கள், தொலைநாட்டிலிருந்து வந்த சூதுபவள மணிகள் ஆகியன காண்போரை வரவேற்கின்றன. உடைந்த பானை ஓடுகளில் தமிழி எழுத்துகள் கீறப்பட்டிருப்பதையும் காணலாம். ‘ஆதன்’ என்றும் ‘குவிரன்’ என்றும் படிக்கப்பெற்ற அவை ஆட்பெயர்கள். அரசர் ஆணையைக் கல்லில் வெட்டிய எழுத்தல்ல அது. வீட்டில் புழங்கிய பானையில் கீறிய எழுத்து. எழுத்தறிவு அரண்மனையோடு நின்றுவிடாமல் குயவர் வீடு வரையிலும் எட்டியிருந்தது என்று அறிஞர் கருதுவதற்கு இவ்வோடுகளும் ஒரு காரணம்.

நான் அங்குச் சென்றிருந்தபோது, சிற்றூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த மாணவியர் கூட்டம் பொன் அணிகள் இருந்த பேழையை மொய்த்துக்கொண்டு நின்றது. பொன்னைக் கண்டு வியத்தல் இயல்பே. அக்கூட்டத்திலிருந்து விலகி, வேறொரு பேழையின் முன் தனியே நின்றாள் ஒரு சிறுமி. அதனுள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. உடைந்த பானையோட்டின் விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கிய சில துண்டுகள் மட்டுமே இருந்தன. சிறிது நேரம் உற்றுநோக்கியவள், திடுமெனத் தோழியை அழைத்தாள். “ஏடி, இங்க வாடி! இது நம்ம பாண்டி ஆடுற சில்லுடி!”

தோழியர் ஓடி வந்தனர். ஆசிரியையும் வந்தார். ‘ஆம், வட்டச்சில்லு என்றுதான் எழுதியிருக்கிறது’ என்று படித்துக் காட்டினார். அதன்பின் அப்பெண்கள் அப்பேழையை விட்டு நகர்வதாக இல்லை. இதை யார் தேய்த்திருப்பார், எத்தனை கட்டம் கீறி ஆடியிருப்பர், ஆட்டத்தில் சண்டை வந்திருக்குமோ, பானையை உடைத்ததற்குத் தாய் அடித்திருப்பாளோ என்று கேள்விகள் எழுந்த வண்ணம் இருந்தன. பல நூற்றாண்டுத் தொலைவு அச்சிறு வட்டத்துக்குள் அடங்கிப்போயிற்று.

அச்சிறுமி கண்டது சாதாரணக் காட்சியன்று. கீழடியில் நூற்றுக்கணக்கான ஆட்டக்காய்கள் கிடைத்துள்ளன. தந்தத்தில் செய்த பகடையும், சுடுமண் பகடைகளும் கிடைத்துள்ளன. உழைத்த மக்கள் ஓய்ந்த வேளையில் ஆடினர், குழந்தைகள் குழந்தைகளாகவே இருந்தனர் என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுமோ? மன்னர் பெயரும் போர் நடந்த ஆண்டும் மட்டுமே வரலாறு என்று மனப்பாடம் செய்து சலித்த பிள்ளைக்கு, தன் கைச்சில்லும் வரலாறே என்று உணர்த்துவதைவிடப் பெரிய பாடம் வேறு யாது?

‘எப்படித் தெரியும்?’ என்னும் வினா

வியப்பு தொடக்கமேயன்றி முடிவன்று. வியந்த பிள்ளை அடுத்துக் கேட்க வேண்டுவது, ‘இது இவ்வளவு பழையது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்பதே. இவ்வினாவை அடக்கிவிடும் ஆசிரியர் வரலாற்றையே அடக்கிவிடுகிறார்.

விடை கடினமானதன்று. மண் ஏடுகளைப் போல் அடுக்கடுக்காகப் படிகிறது. கலைக்கப்படாத மண்ணில் மேலடுக்கு பிந்தியது, கீழடுக்கு முந்தியது. ஆகையால்தான் அகழாய்வாளர் மண்வெட்டியால் வாரிக் கொட்டுவதில்லை. அளந்த சதுரக் குழிகளில், சிறு கரண்டியும் தூரிகையும் கொண்டு, அங்குலம் அங்குலமாக இறங்குகின்றனர். எந்தப் பொருள் எவ்வளவு ஆழத்தில், எந்த அடுக்கில், எதன் அருகே கிடந்தது என்று உடனுக்குடன் குறித்துக்கொள்கின்றனர். அக்குறிப்பு இல்லையேல் பொருள் இருந்தும் பயனில்லை.

அடுத்தது கரிமக் கணிப்பு. உயிருள்ள மரமும் செடியும் விலங்கும் கரிமத்தை ஏற்றுக்கொண்டே வாழ்கின்றன. அதில் மிகச் சிறு பங்கு, கதிரியக்கமுள்ள கரிமம்-14. உயிர் நீங்கியதும் வரவு நின்றுவிடுகிறது. இருப்பு மட்டும் மெல்லக் குறைகிறது. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால் உயிர் நீங்கிய காலத்தைக் கணிக்கலாம். கீழடியின் நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த ஆறு மாதிரிகள் அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 353 சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய இரண்டு ஆள் ஆழத்தில், கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டதாக 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. அங்குக் கிடைத்த எலும்புகளுள் 70 மாதிரிகளை ஆராய்ந்ததில், பாதிக்கு மேற்பட்டவை மாடு, எருமை, ஆடு ஆகியவற்றினுடையவை எனத் தெரியவந்தது. உழவும் கால்நடையுமாக அம்மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு இது ஒரு தடயம்.

இக்காலக் கணிப்புகளைக் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடுகளும் உண்டு. அதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. எதிர்ப்போரும் ஏற்போரும் சான்று காட்டியே பேச வேண்டும் என்பதுதான் அறிவுலகின் அறம். ‘நம் முன்னோர் பெரியவர்’ என்று முழங்குவது எளிது. மேடையேறும் எவரும் முழங்கலாம். ‘இந்த அடுக்கில், இந்த ஆழத்தில், இது கிடைத்தது, ஆகவே இவ்வளவே துணிந்து கூறலாம்’ என்று அளந்து பேசக் கற்பது அரிது. சான்றில்லாச் செய்திகள் கைப்பேசி வழியாக வீட்டுக்குள் வந்து குவியும் இந்நாளில், இப்பழக்கம் வரலாற்றுத் தேர்வுக்கு மட்டுமன்று, வாழ்க்கைக்கே இன்றியமையாதது.

ஆசிரியர் கவனத்திற்கு

நல்ல பயணம் பேருந்து புறப்படுமுன்னே தொடங்குகிறது. முதல் நாள் வகுப்பில் வைகையின் வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து, மதுரையும் கீழடியும் எங்குள்ளன என்று காட்டுங்கள். பக்கத்தில் உள்ள கொந்தகையில் ஈமத்தாழிகள் கிடைத்ததையும், அகரம், மணலூர் ஆகிய ஊர்களிலும் அகழாய்வு நடந்ததையும் சொல்லுங்கள். வாழ்ந்த இடம் ஒன்று, புதைத்த இடம் மற்றொன்று என்று ஊரே ஒரு வரைபடமாகப் பிள்ளையின் மனத்தில் விரியும்.

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று முயலாதீர்கள். நூறு பொருள்களைக் கடந்து ஓடிய பிள்ளைக்கு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பொருளைத் தெரிந்துகொண்டு, அதன் முன்னே கால்மணி நேரமேனும் நிற்கட்டும். கையில் தாளும் எழுதுகோலும் இருக்கட்டும். பொருளை வரையச் சொல்லுங்கள். அழகாக வரைதல் வேண்டுவதில்லை. வரையும் கை கண்ணை நிற்கவைக்கும், அதுவே பயன். பிறகு மூன்று வினாக்கள்: இது எதனால் ஆனது? இதைச் செய்தவர் கையில் என்ன கருவி இருந்திருக்கும்? இதைப் போன்றது இன்று நம் வீட்டில் உண்டா? இவற்றுக்கு விடை கண்ட பிள்ளை திரும்பி வந்து வகுப்பின் முன் நின்று பேசட்டும். அன்றைக்கு அப்பிள்ளையே ஆசிரியர்.

ஒரே நாளில் நான்கு இடங்களைச் சுற்றும் ஆசையையும் விட்டுவிடலாம். அருங்காட்சியகம் ஒன்று, வைகைக் கரை ஒன்று, இவை போதும். செல்லுமுன் விடுமுறை நாள் எது எனக் கேட்டறிந்து செல்வது, பூட்டிய கதவின் முன் பிள்ளைகளை நிறுத்தும் அவலத்தைத் தவிர்க்கும்.

பேருந்தில் இடம் கிடைக்காத பிள்ளை

இங்கே பெற்றோரிடமும் பள்ளி நிர்வாகத்தினரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது. சுற்றுலாக் கட்டணம் அறிவிக்கப்படும் நாளன்று, ஒவ்வொரு வகுப்பிலும் தலைகவிழ்ந்திருக்கும் சில பிள்ளைகள் உண்டு. அவர்கள் வீட்டில் கேட்பதில்லை. கேட்டும் பயனில்லை என அறிந்தவர்கள். ‘எனக்கு வண்டியில் போனால் வாந்தி வரும்’ என்று ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு, மற்றவர் புறப்படும் காலையில் வீட்டிலேயே இருந்துவிடுவர். மறுநாள் வகுப்பு முழுதும் பயணத்தைப் பற்றிப் பேசிச் சிரிக்கையில், அவர்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பர்.

கீழடி மண்ணில் கிடைத்தவை பெரும்பாலும் யாருடைய பொருள்கள்? குயவர், நெசவாளர், உழவர், கொல்லர், மணி செய்வோர் ஆகியோர் புழங்கியவை. அத்தகைய உழைப்பாளர் வீட்டுப் பிள்ளையே அதைக் காண இயலாமல் நின்றுவிடுவது எத்துணைப் பொருந்தாமை! அருங்காட்சியகக் கட்டணம் பெருஞ்சுமையன்று; பேருந்து வாடகையும் உணவுமே செலவு. வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளைக்குரியதோடு இன்னொரு பிள்ளைக்குரியதையும் பெயர் தெரியாமல் செலுத்தலாம். பழைய மாணவர் சங்கங்கள் ஒரு பேருந்தின் செலவை ஏற்கலாம். ‘விரும்புவோர் மட்டும் வரலாம்’ என்னும் அறிவிப்பை மாற்றி, ‘வகுப்பு முழுவதும் செல்கிறது’ என்று அறிவிக்கும் துணிவு பள்ளிக்கு வேண்டும். ஒரு பிள்ளையை விட்டுவிட்டுச் சென்ற பேருந்து, எத்தனை அருங்காட்சியகம் சுற்றினும் பாதி வெற்றியே பெற்றது.

நம் ஊர் மண்

எல்லாரும் கீழடிக்கே செல்ல வேண்டும் என்பதில்லை. புதுக்கோட்டையில் 1910ஆம் ஆண்டு முதலே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டைக்குள்ளே ஒன்று உள்ளது. சென்னை எழும்பூரில் உள்ளதோ 1851இல் தொடங்கப்பெற்றது. அருகில் உள்ளதைத் தேடிச் செல்வதே அறிவுடைமை. தொலைவில் உள்ள வியப்பைவிட, பக்கத்தில் உள்ள உண்மை பிள்ளைக்கு நெடுநாள் துணை நிற்கும்.

திரும்பி வந்தபின் ஊர் ஏரிக்கரையிலும் மேட்டு நிலத்திலும் நடந்து பார்க்கட்டும். எழுத்துக் கல், பழைய பானையோடு, உறைகிணறு ஏதேனும் கண்ணில் படலாம். கண்டால் தோண்டவும் கூடாது, எடுத்து வீட்டில் வைக்கவும் கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். ஆசிரியர் ஊர் அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். மண்ணில் மறைந்துகிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் கூறுகிறது. இடம்விட்டுப் பெயர்த்த பொருள் தன் கதையில் பாதியை இழந்துவிடுகிறது என்பதைப் பிள்ளைகள் கீழடியிலேயே கற்றிருப்பர்.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ அத்தகைய பயணம் முடிந்து மாலையில் களைத்து வரும்போது, ‘என்ன பார்த்தாய்?’ என்பதோடு நின்றுவிடாதீர்கள். ‘அது எப்படித் தெரியுமாம்?’ என்றும் கேளுங்கள். நாளையோ மறுநாளோ உடைந்த ஓடு ஒன்றைக் கையில் ஏந்தி, ‘அம்மா, இது என்ன?’ என்று பிள்ளை வந்து நிற்குமாயின், ‘தூக்கி எறி’ என்று சொல்லிவிடாதீர்கள். அது கிடந்த இடத்தைக் காட்டச் சொல்லி, உடன் நடந்து செல்லுங்கள். நாற்பது ஆண்டுகள் மண்ணுக்குள் காத்திருந்த கீழடியை முதலில் கண்டுகொண்டது, பிள்ளைகள் சொன்னதைக் கேட்கப் பெரியவர் ஒருவர் இருந்தமையால்தான்.